மூச்சு வாங்குகிறவருக்கு வகுப்பு எதற்கு?

போன இதழில் நோயாளிகளுக்கான வகுப்புகள் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. எழுதுகிறவள் யார் என்று புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் பிரிவில் நர்ஸாக இருந்தவள். இருபது வருடத்துக்கும் மேலாக மூச்சு வாங்குகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். டாக்டர் அல்ல. அதனால் மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா என்று கேட்டு எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடிதமாகப் போட்டு, அதன் கீழே என் பதிலை எழுதுகிறேன். முதல் கடிதம் ஒரு கணக்கு வாத்தியாருடையது.

எனக்கு 67 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. என்கிறார்கள். மருந்து கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வயதில் எனக்கு வகுப்பா? சொல்ல வேண்டியதை டாக்டரே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக் கூடாதா?

கணக்கு வாத்தியாரிடமே கேட்கிறேன் ஐயா. ஒரு கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டியதும் வகுப்பில் எத்தனை பேருக்கு அது வந்தது? வீட்டுக்கணக்கு எதற்குக் கொடுத்தீர்கள்? நோட்டை வாங்கி ஏன் திருத்தினீர்கள்?

டாக்டர் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சொல்லத்தான் செய்கிறார். நமக்குத்தான் நிற்பதில்லை. ராய் கெசல்ஸ் என்ற நெதர்லாந்து உளவியலாளர் 2003-ல் இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். மருத்துவர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறதாம். நினைவில் இருப்பதிலும் ஏறக்குறையப் பாதி, தப்பாக நினைவில் இருக்கிறதாம். மறந்ததையாவது திரும்பக் கேட்கலாம். தப்பாக நினைவிருப்பதை யாரும் திரும்பக் கேட்பதில்லை, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதால்.

இதை நான் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் வகுப்பு என்றால் நான் பேசுவது, அவர்கள் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன். நுரையீரல் படம் போட்டு, காற்றுக்குழாய் எப்படிச் சுருங்குகிறது, காற்றுப்பைகள் எப்படிக் கிழிகின்றன என்றெல்லாம் மணிக்கணக்கில் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது. ஓர் அம்மா ஒரு வகுப்புகூட விடாமல் முதல் வரிசையில் வந்து உட்காருவார். கடைசி நாளில் சும்மா பேச்சுவாக்கில், “உங்க இன்ஹேலரை எப்படி எடுக்கிறீங்க, காட்டுங்கம்மா” என்றேன். பவுடர் வைத்து உறிஞ்சுகிற வகை அது. அழகாகத் திறந்தார், பவுடர் அடைத்த மாத்திரையை அதற்குள் போட்டார், துளைத்தார், வாயில் வைத்தார், முழு பலத்தோடு ஊதினார். பவுடர் பின்பக்கமாகப் பறந்தது.

“ஏம்மா ஊதுறீங்க?” என்றேன். “டெஸ்ட் எடுத்தப்ப ஊதுங்க ஊதுங்க, இன்னும் நல்லா ஊதுங்கன்னு சொன்னீங்களே?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. நோயைக் கண்டுபிடிக்கச் செய்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் கத்திக் கத்தி ஊதச் சொல்கிறவர்கள் நாங்கள்தான். அதே உதடுகளுக்கு நடுவில் இன்னொரு குழாயைக் கொடுத்தால் அவர் வேறென்ன செய்வார்? எத்தனை மாதம் மருந்து உள்ளேயே போகவில்லையோ தெரியாது. அதற்கிடையில் “மருந்து போதவில்லை” என்று அவருக்கு அளவைக் கூட்டியும் இருந்தார்கள். அன்றோடு என் படங்களை மூட்டை கட்டினேன்.

அந்த அம்மா விதிவிலக்கு அல்ல. நாற்பது வருடத்து ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2016-ல் ஒரு தொகுப்பு வந்தது. 54,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இன்ஹேலரைச் சரியாக எடுத்தவர்கள் 31 சதவீதம். அந்த நாற்பது வருடத்தில் கருவிகள் எவ்வளவோ மாறின. இந்த நிலைமை தேறவே இல்லை.

ஆகவே இப்போது என் வகுப்பில் முதல் நாள் நான் பேசுவதில்லை. எல்லோரும் அவரவர் இன்ஹேலரை எடுத்துக் காட்ட வேண்டும். ஸ்ப்ரே வகை என்றால் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நாலைந்து நொடி நிதானமாக இழுத்து, பத்து நொடி அடக்கிப் பிடிக்க வேண்டும். பவுடர் வகை என்றால் நேர் எதிர்: வேகமாக, ஆழமாக, ஒரே இழுப்பு. உள்ளே ஊதவே கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டிவிடும். ஸ்ப்ரேயை வேகமாக இழுப்பவர்களும் பவுடரை மெதுவாக இழுப்பவர்களும்தான் அதிகம். இரண்டு வகையும் கையில் இருக்கிறவர் பாடு இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும், குரல் கட்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கை பழக மூன்று வாரம் ஆகிறது.

நீங்கள் சரியாகத்தான் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் முதல் நாள் மட்டுமாவது போய் எடுத்துக் காட்டிவிட்டு வாருங்கள். தேர்ச்சி பெற்றால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. குளிக்க வைப்பது, சட்டை போட்டுவிடுவது எல்லாம் நான்தான். வகுப்பில் அவரை நடக்க வைக்கிறார்களாம், எடை தூக்க வைக்கிறார்களாம். மூச்சே விட முடியாதவருக்கு உடற்பயிற்சியா? ஏதாவது ஆகிவிட்டால்?

பயப்படுவது நியாயம்தான். ஒரு காலத்தில் டாக்டர்களே இவர்களைப் படுத்து ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். அது தவறு என்று புரிய வெகுகாலம் ஆனது.

என்ன நடக்கிறதென்றால், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று அப்பா நடையைக் குறைக்கிறார். நடக்காத கால்தசை இளைத்துப்போகிறது. இளைத்த தசைக்கு அதே பத்து அடி நடக்க முன்பைவிட அதிகக் காற்று வேண்டியிருக்கிறது. ஆகவே இன்னும் மூச்சு வாங்குகிறது, இன்னும் குறைக்கிறார். கடைசியில் நாற்காலிதான் உலகம். நோய் நுரையீரலில் இருக்கிறது, ஆனால் அவரை உட்கார வைத்ததில் பாதிப் பங்கு கால்களுக்கு. நுரையீரலில் போனது திரும்பி வராது. பயிற்சி செய்தாலும் ஊதுகிற டெஸ்டில் எண் ஏறாது. அதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எட்டாவது வாரம் ரிப்போர்ட்டைப் பார்த்து நொந்துபோவார்கள். ஆனால் காலைத் தேற்ற முடியும். தேறிய கால், கிடைக்கிற கொஞ்சம் காற்றில் அதிக வேலை செய்யும். இதைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பில் 65 ஆய்வுகள், 3,822 நோயாளிகள். மூச்சுத் திணறல், களைப்பு, மனநிலை எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்ததால், இது பயன்படுமா என்று பார்க்க இனி இப்படிப்பட்ட ஆய்வே தேவையில்லை என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் “போதும்” என்று சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை.

யாரும் அவரைக் கொண்டுபோய் நேராக ஓட விடப்போவதில்லை. முதலில் 30 மீட்டர் வராண்டாவில் ஆறு நிமிடம் அவர் வேகத்தில் நடக்கச் சொல்வார்கள். நடுவில் நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப் இருக்கும். எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி தொடங்குவார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோல் இருக்கிறது, ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்தது. பூஜ்யம் என்றால் மூச்சு வாங்கவே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் முடியாது. நாலு வரை வாங்கட்டும் என்பேன் நான். ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், கிளிப்பில் எண் சரிவது, இதில் எது வந்தாலும் நிறுத்திவிடுவோம். மூச்சு வாங்குவது மட்டும் ஆபத்து அல்ல. வாங்கிய மூச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்குகிறது என்பதை அவர் தன் உடம்பிலேயே பார்க்க வேண்டும். எட்டு வாரத்தில் அவர் கற்கிற பெரிய பாடம் அதுதான்.

அடக்குவதற்கு வழி இருக்கிறது. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணி விட வேண்டும். இந்த நோயில் கஷ்டம் காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில். பழைய காற்று உள்ளே தங்கிவிடுவதால் புதிய காற்றுக்கு இடமில்லை. உதட்டைக் குவித்தால் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. கூடவே முன்பக்கம் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் அடங்கும். எழும்போதும், படி ஏறும்போதும், எதையாவது தூக்கும்போதும் மூச்சை வெளியே விட்டபடி செய்ய வேண்டும். நம் எல்லோருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற பழக்கம், அதுதான் இவர்களைக் கவிழ்க்கிறது.

குளியலுக்கு வருகிறேன். பாத்ரூமில் ஒரு ஸ்டூல் போடுங்கள், உட்கார்ந்தே குளிக்கட்டும். கையைத் தலைக்கு மேல் தூக்குகிற வேலைதான் அவருக்கு ரொம்ப மூச்சு வாங்கும். மூச்சுக்கு உதவுகிற தோள் தசைகள் அப்போது கையைத் தாங்கப் போய்விடுகின்றன. ஆகவே தலையைக் குனிந்து தேய்க்கட்டும். துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காரட்டும், ஈரம் தானே இறங்கும். சட்டையை உட்கார்ந்து போடட்டும். அப்புறம், தப்பாக நினைக்காதீர்கள் அம்மா: சட்டையை அவரே போடட்டும். கால் மணி நேரம் ஆகும், பார்க்கப் பொறுக்காது. நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். அன்போடு எல்லாம் செய்துகொடுக்கிற மகள்களாலேயே சில அப்பாக்கள் நாற்காலியோடு ஒட்டிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு ஒருநாள் நீங்களும் கூடப் போங்கள். அவர் நடப்பதைப் பார்த்தால் உங்கள் பயமும் பாதியாகும்.

இன்ஹேலர் எடுக்கத் தொடங்கினால் பழகிவிடும், அப்புறம் விடவே முடியாது என்கிறார்களே?

வகுப்பில் யாரும் கை தூக்கிக் கேட்காத கேள்வி இது. முடிந்ததும் வெளியே வந்து காதோடு கேட்பார்கள். போதைப்பொருள் மாதிரி பழகாது. நோய் கூடவே இருப்பதால் மருந்தும் கூடவே இருக்கிறது, அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி போட்டதால் கண் கெட்டது என்று சொல்கிற கதை இது. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி வர வேண்டும், அதனால் மில்லிகிராம் கணக்கில் தேவை. இன்ஹேலர் போக வேண்டிய இடத்துக்கே போவதால் மைக்ரோகிராம் போதும். மாத்திரைக்குப் பயப்படாதவர்கள் இதற்குப் பயப்படுவது ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்கு சர்க்கரையும் பிரஷரும். என்னைச் சேர்த்த வகுப்பில் ஒருவருக்கு மூட்டுவலி, இருவருக்கு நுரையீரல் நோய், ஒருவருக்கு இதய பலவீனம். இருமிக்கொண்டிருக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன கற்றுக்கொள்வது? நடத்துகிறவரும் டாக்டரோ நர்ஸோ இல்லை, அவரும் ஒரு நோயாளியாம்!

உங்கள் ஆச்சரியக்குறி புரிகிறது. முதலில் கேள்விப்பட்டபோது நானும் அதையேதான் போட்டேன். கொஞ்சம் தொழில் கர்வமும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறையை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் வளர்த்தெடுத்தார். அவரும் நர்ஸ்தான். முதலில் மூட்டுவலிக்காரர்களுக்கு மட்டும் வகுப்பு வைத்திருந்தார். வருகிறவர்களில் பலருக்கு மூட்டுவலியோடு வேறு இரண்டு நோய்களும் இருந்தன. எந்த நோயானாலும் புலம்பல் ஒன்றுதான்: களைப்பு, வலி, தூக்கமின்மை, எரிச்சல், வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்கிற மனக்குறை. ஆகவே எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். நடத்துவது பயிற்சி பெற்ற இருவர், பெரும்பாலும் அவர்களும் நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்கள். 1999-ல் 952 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. இதயம், நுரையீரல், மூட்டுவலி, பக்கவாதம் என்று பல நோய்க்காரர்கள். ஆறு மாதத்தில், வகுப்புக்கு வந்தவர்கள் அதிகம் உடற்பயிற்சி செய்தார்கள், மருத்துவமனையில் படுத்த நாட்களும் குறைந்தன.

இதன் அடியில் இருப்பது ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரின் யோசனை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிவது மட்டும் போதாது, என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வந்தால்தான் செய்வோம் என்றார் அவர். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதில் தன்னைப் போன்ற ஒருவரைப் பார்ப்பதற்குப் பெரிய பங்கு உண்டு. “தினமும் நடங்கள்” என்று நான் சொன்னால் நர்ஸ் சொல்கிறாள், அவளுக்கென்ன என்று போவீர்கள். முழங்கால் வலியோடு ஒருவர் “நான் இந்த வாரம் மூன்று நாள் நடந்தேன், வியாழக்கிழமை மட்டும் ஏமாற்றிவிட்டேன்” என்று சொன்னால் அது வேறு.

அந்த வகுப்பில் ஒவ்வொரு வாரமும் ஒரு சின்னத் திட்டம் போடச் சொல்வார்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள். பிறகு, நிச்சயம் செய்வேன் என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்பார்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் திட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். “உடம்பைக் குறைக்கப்போகிறேன்” என்பது திட்டமே அல்ல. “சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், வாரம் நாலு நாள்” என்பது திட்டம். இதை நான் வெட்கமில்லாமல் என் வகுப்புக்கும் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து நோயிலிருந்து நேரடியாகவே கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. என் வகுப்பில் ஒருவருக்கு மூச்சு மோசமாகி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த, சர்க்கரை நோயோடு பல வருடம் வாழ்ந்த அம்மா, “முதல்ல சுகர் பாருங்க” என்றார். பார்த்தோம், எகிறியிருந்தது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அன்று அந்த அம்மாதான் முந்திக்கொண்டார்.

ஒன்று உண்மை: கலப்பு வகுப்பு போதாது. தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது, பாதத்தை எப்படித் தினமும் பார்ப்பது, ஊசி எப்படிப் போடுவது இதெல்லாம் சர்க்கரைக்கென்றே உள்ள வகுப்பில்தான் விவரமாகக் கிடைக்கும். இதய பலவீனம் உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை அவர் தனியாகக் கற்க வேண்டும். இரண்டு வகுப்பும் கிடைத்தால் இரண்டுக்கும் போங்கள்.

நான் இன்னும் சிகரெட் பிடிக்கிறேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டுவார்களா?

திட்டினால் அது வகுப்பு எடுப்பவரின் தவறு. சட்டையில் வாசனையோடுகூட வாருங்கள். சிகரெட்டே தொடாமல் அடுப்புப் புகையாலும் வேலையிடத்துத் தூசியாலும் இதே நோய் வந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், சிலர் முகம் சுளிக்கலாம். அதைச் சமாளிப்பது வகுப்பு எடுப்பவரின் பொறுப்பு.

“இனி விட்டு என்ன ஆகப்போகிறது” என்று நீங்கள் நினைத்திருந்தால் மட்டும் ஒரு செய்தி. லண்டனில் ஃபிளெட்சர், பீட்டோ என்ற இருவர் நூற்றுக்கணக்கான ஆண்களின் மூச்சை எட்டு வருடம் தொடர்ந்து அளந்து 1977-ல் எழுதினார்கள். புகையால் பாதிக்கப்படுகிறவர் எந்த வயதில் விட்டாலும், போனது திரும்பாவிட்டாலும், சரிகிற வேகம் குறைந்து மற்றவர்கள் அளவுக்கு வருகிறது. நிகோடின் பட்டை, சூயிங்கம், மாத்திரை எல்லாம் இருக்கின்றன. வீம்பாக வெறுங்கையோடு போராட வேண்டியதில்லை. முன்பு நாலு முறை விட்டுத் திரும்பப் பிடித்தேன் என்றால் நாலு முறை பயிற்சி எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் போட்ட தாள் கொடுத்தார்கள். மஞ்சள் வந்தால் வீட்டிலேயே ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் தொடங்கலாம் என்று மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் எப்போது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. தினமும்தான் மூச்சு வாங்குகிறது, தினமும்தான் சளி வருகிறது.

நல்ல கேள்வி. அந்தத் தாளை வாங்கியவர்களில் பலர் கேட்கத் தயங்குவது இது.

அந்தத் தாளில் பச்சை என்றால் வழக்கமான நாள், மஞ்சள் என்றால் நோய் மோசமாகத் தொடங்குகிற நாள், சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சளைத் தெரிந்துகொள்ள முதலில் உங்கள் பச்சை தெரிய வேண்டும். வழக்கமான நாளில் எத்தனை படி ஏறி நிற்கிறீர்கள், சளி எவ்வளவு, என்ன நிறம்? ஒரு வாரம் எழுதி வையுங்கள். அப்புறம் மூன்றைக் கவனியுங்கள்: வழக்கத்தைவிட மூச்சு அதிகம் வாங்குவது, சளி அதிகமாவது, வெள்ளையாக இருந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது. கனடாவில் ஆன்தோனிசன் என்ற மருத்துவர் 1987-ல் வகுத்த இந்த மூன்றும்தான் இன்றைக்கும் அடிப்படை. ஒன்று மட்டும் ஒருநாள் வந்து போனால் கவனித்துக்கொண்டிருங்கள். இரண்டு சேர்ந்து வந்தால், அதிலும் நிறம் மாறினால், உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தபடி நடக்க வேண்டிய நேரம்.

சிவப்புக்கு யோசனையே கூடாது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறல், உதடு நீலம், நெஞ்சு வலி, அரைமயக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. ஆம்புலன்ஸ். கடைசி இரண்டும் நோயாளிக்கே தெரியாது என்பதால் வீட்டில் இருப்பவர்களும் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இப்படிப்பட்ட தாளும் வகுப்பும் சேர்ந்து நல்லது செய்ததற்குச் சான்று உண்டு. கனடாவின் கியூபெக்கில் 191 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2003-ல் வந்தது. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடையே கிட்டத்தட்ட அதே மாதிரி செய்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில் 426 பேர். வகுப்பும் தாளும் பெற்ற பிரிவில் 28 பேரும் மற்றப் பிரிவில் 10 பேரும் இறந்திருந்தார்கள். காரணத்தை ஆய்வாளர்களால் பிடிக்க முடியவில்லை. கியூபெக்கில் ஒரு பொறுப்பாளர் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார், பிறகு மாதாமாதம் போனும் செய்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புகிற தாள் எனக்கு வேண்டாம். தாளின் மேலே ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும், கூப்பிட்டால் எடுக்கிற ஆள் இருக்க வேண்டும். மஞ்சளில் மாத்திரை தொடங்குகிற அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாளில் தேறாவிட்டால் நேரில் போங்கள். உங்கள் தாளில் நம்பர் இல்லையா? அடுத்த முறை போகும்போது கேட்டு, டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

என் கணவருக்கு வீட்டில் ஆக்சிஜன் மெஷின். மூச்சு வாங்கும்போதெல்லாம் அளவைத் திருகிக் கூட்டிக்கொள்கிறார். சொன்னால் கோபம் வருகிறது.

கோபப்பட்டாலும் சொல்லுங்கள். ஆக்சிஜன் என்பது மூச்சு வாங்குவதற்கான மருந்து அல்ல, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதற்கான மருந்து. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்று அல்ல. கிளிப்பில் 90 காட்டும்போதே மூச்சு வாங்கினால், உதட்டைக் குவித்து விட வேண்டும், மெஷினைத் தொடக் கூடாது. இந்த நோயில் பலருக்கு 88 முதல் 92 வரை இருப்பதே போதும். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு தேங்கும். காலையில் தலைவலி, பகலில் ஓயாத தூக்கம், குழப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கான எண் எது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுவதுதான் பயன். 1980, 1981-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த இரண்டு ஆய்வுகளிலிருந்துதான் “ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம்” என்ற கணக்கு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்களின் ஆயுள் நீண்டது அப்படி எடுத்தபோதுதான். பகலில் அரைமணி, ராத்திரி கொஞ்சம் என்று எடுப்பதில் பலனில்லை. அப்புறம், அந்த மெஷின் ஓடும் அறையில் எண்ணெய் விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. இதில் மட்டும் நான் யாரிடமும் சமரசம் செய்வதில்லை.

எட்டு வாரம் ஒழுங்காக முடித்தேன். தொடங்கியபோது ஆறு நிமிடத்தில் 280 மீட்டர், முடித்தபோது 335. அதற்கப்புறம் எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் தொடரவில்லை. நடுவில் நிமோனியா வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்து போன வாரம்தான் திரும்பினேன். இப்போது பழையபடி ஆகிவிட்டது. திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது.

எதற்கு வெட்கம்? வகுப்பின் பலன் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கரைவது எல்லோருக்கும் நடப்பதுதான். தனியாக வீட்டில் தொடர்கிறவர்கள் குறைவு, நான் நடத்திய வகுப்புகளிலும் அப்படித்தான். 30 மீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வோம், நீங்கள் 55 கூட்டியவர். அந்தக் கால் உங்களுடையதுதான், எங்கும் போய்விடவில்லை.

அதோடு, மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாலு வாரம்தான் திரும்பத் தொடங்க ரொம்பப் பயனுள்ள நேரம். அமெரிக்காவில் இந்த நோய்க்காக மருத்துவமனையில் படுத்து எழுந்த ஏறக்குறைய இரண்டு லட்சம் முதியவர்களின் பதிவுகளைப் பார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. மூன்று மாதத்துக்குள் வகுப்பில் சேர்ந்தவர்கள் 1.5 சதவீதம் மட்டுமே. அவர்களில் அடுத்த ஒரு வருடத்தில் இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு. தெம்பாக இருந்தவர்கள்தான் சேர்ந்திருப்பார்கள் என்று வாதாடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1.5 என்ற எண்ணைப் பார்த்து நான் நொந்துபோனேன். மற்றவர்கள் எல்லோரும் வீட்டில் உங்களைப் போலவே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தார்களோ என்னவோ.

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இந்த வாரமே வகுப்பு நடத்துகிறவருக்குப் போன் செய்யுங்கள். 280-க்குக் கீழே இறங்கியிருந்தால் இறங்கிய இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஃப்ளூ தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா, நிமோனியா தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் அப்படியே விசாரித்துவிடுங்கள். போகும்போது இன்ஹேலரை மறக்காமல் எடுத்துப் போங்கள். எட்டு மாதத்தில் கை என்னென்ன புதுப் பழக்கம் பிடித்திருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.